வீட்டில் கொடுமையை அனுபவித்த பிள்ளை குற்றம் செய்யுமா?

"எங்களையும் ரோத்தானால அடிச்சாங்க. நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?"

குடும்ப ஒன்றுகூடலில் யாராவது ஒரு மாமா இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஓர் ஆய்வைப் பார்க்கணும்.

அமெரிக்க உளவியலாளர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வு அது. 1967 முதல் 1971 வரை, கொடுமைக்கு ஆளானதாகவோ கவனிப்பின்றி விடப்பட்டதாகவோ நீதிமன்றத்தில் உறுதியான 908 பிள்ளைகளின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். எல்லாரும் 11 வயதோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள். அதே வயது, பாலினம், இனம், ஏறக்குறைய அதே வசதி உள்ள, அப்படிப் பதிவு இல்லாத 667 பேருடன் அவர்களை ஒப்பிட்டார்.

முதல் பிரிவில் 26 விழுக்காட்டினர் இளவயதிலேயே கைதானார்கள். மற்றப் பிரிவில் 17 விழுக்காட்டினர்.

ஆக, ஆபத்து கூடுவது உண்மை. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்க: கொடுமைக்கு ஆளானவர்களில் சுமார் 74 விழுக்காட்டினர் இளவயதில் கைதாகவே இல்லை. மாமா அந்தப் பக்கம் இருக்கிறார், அவ்வளவுதான். (ரோத்தான் அடியும் நீதிமன்றம் வரை போன கொடுமையும் ஒன்றல்ல என்பது வேறு.)

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அடியே வாங்காமல், சோறும் பராமரிப்பும் கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளும் பின்னாளில் வன்முறைக் குற்றங்களுக்காக அதிகம் கைதாகியிருந்தார்கள்.

ஏன் இப்படி?

பள்ளி கேண்டீனில் ஒருவர் தெரியாமல் இடித்துவிடுகிறார். நீங்கள் "பரவாயில்ல" என்பீர்கள். எப்போது அடி விழுமோ என்று பயந்தே பழகிய பிள்ளைக்கு, "வேணும்னே இடிச்சான்" என்றுதான் தோன்றும். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடமே இந்தப் போக்கை கென்னத் டாட்ஜும் சக ஆய்வாளர்களும் 1990இல் கண்டார்கள். இன்னொன்று, வீட்டுக்குப் போகப் பயந்து வெளியே தங்கும் பிள்ளைக்கும் பசிக்கும். மினிமார்ட்டில் கை வைப்பது அப்படியும் தொடங்கலாம்.

சிங்கப்பூரில் பிள்ளைகள், இளையர் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. பாதுகாப்பு பெறும் வயது 16க்குக் கீழ் என்றிருந்தது 18க்குக் கீழ் என உயர்ந்தது. கொடுமைக்கு ஆளான பிள்ளையின் பாதுகாப்பு வழக்கும் குற்றம் புரிந்த பிள்ளையின் வழக்கும் ஒரே இளையர் நீதிமன்றத்துக்குத்தான் வருகின்றன. சில சமயம் இரண்டும் ஒரே பிள்ளை.

வகுப்புத் தோழர் யாராவது வீட்டுக்குப் போகவே தயங்குகிறாரா? ஆதாரம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் இயங்குகிறது.