துருத்தி ஊதிய சிறுவன்

மிதிவண்டியின் முன்கவை பார்வைக்கு எளிய உறுப்பு. கைப்பிடியின் கீழ் இரு கிளையாகப் பிரிந்து முன்சக்கரத்தை ஏந்தி நிற்கும் எஃகுக் குழாய், அவ்வளவே. ஆயினும் சாலையின் அதிர்ச்சிகளை முதலில் தாங்குவது அதுவே. அத்தகைய முன்கவை ஒன்றின் முறிவு, பிரெஞ்சு மிதிவண்டிப் பந்தய வரலாற்றில் நீங்கா இடம் பெற்றுள்ளது.

1913 ஜூலையில் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயம் பிரனீசு மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டு இரண்டாம் இடம் பெற்ற யூஜீன் கிறிஸ்தோஃப், இம்முறை வெற்றி வாய்ப்புடன் முன்னணியில் இருந்தார். தூர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில் அவரது முன்கவை முறிந்தது. வேறு வண்டிக்கு மாறலாகாது. பழுதைப் பிறர் உதவியின்றித் தாமே நீக்க வேண்டும் என்பது விதி. வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சாந்த் மரி தெ காம்பான் என்னும் சிற்றூரின் கொல்லுலையை அடைந்தார். பந்தய நடுவர்கள் பார்த்திருக்க, இரும்பைக் காய்ச்சி, அடித்து, முன்கவையைத் தாமே ஒட்டினார். இரு கைகளுக்கும் வேலையிருந்தமையால், ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அது பிறர் உதவி எனக் கண்ட நடுவர்கள் பத்து நிமிடத் தண்டனை விதித்தனர். பின்னர் அது மூன்றாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் அவர் இழந்திருந்ததோ ஏறத்தாழ நான்கு மணி நேரம்! பந்தயத்தை ஏழாமவராக முடித்தார்; வென்றவர் பிலிப் தீஸ்.

1919-இல் முதன்முதலாக மஞ்சள் சட்டை அணியும் பெருமை பெற்றார் கிறிஸ்தோஃப். முதலிடத்தில் இருந்த அந்நாளிலும் முன்கவை முறிந்தது; வெற்றி கைநழுவியது. இறுதிவரை அப்பந்தயத்தை அவர் வென்றதேயில்லை.

விதிக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. வண்டி நிறுவனங்களின் பணபலம் வீரனின் உழைப்பை விழுங்கிவிடாதபடி காக்கவே அது எழுந்தது. ஆனால் துருத்தி ஊதிய பிஞ்சுக் கையில் எந்தப் பணபலம் இருந்தது? காவலுக்கு வைத்த வேலி, எதைக் காக்க வைக்கப்பட்டதென்பதையே மறந்துவிடும்போது, ஓய்வுநாளில் நோயாளி நலம் பெற்றதைக் கண்டு முகம் சுளித்தவர்களின் வரிசையில் நாமும் நின்றுவிடுகிறோம்.

சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் முழந்தாளிடுகிறோம். ஆண்டவருக்கே அங்கு ஒரு சீமோனின் தோள் தேவைப்பட்டது. நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் இல்லங்களிலும் சட்டத்தின் பெயரால் கணக்கு எழுத அமரும்போது, அந்தத் தோளையும் இந்தச் சிறுவனின் கையையும் நினைவில் கொள்வோமாக.