கேள்வி கணக்கு

'ஹிஸாப்' என்ற அரபுச் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்பது பொருள். சந்திரனைக் கொண்டு ஆண்டுகளைக் கணக்கிடுவதற்கும் (10:5), மறுமை விசாரணைக்கும் (14:41) திருக்குர்ஆன் இச்சொல்லையே ஆள்கிறது. அப்பாஸியர் காலக் கடைவீதிகளில் எடைகளையும் அளவைகளையும் சோதித்துத் தவறியவரைத் தண்டித்த 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரியின் பெயரும் இதே வேரில் பிறந்தது.

தமிழகத்தில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியிலும் இவ்விரண்டும் இணைகின்றன: கிராமக் கணக்குகள் தணிக்கை செய்யப்படுகின்றன, மக்களின் முறையீடும் கேட்கப்படுகிறது.

ஹிஸாபை நாம் தமிழில் 'கேள்வி கணக்கு' என்கிறோம். எண்ணிக்கையோடு, எவ்வாறு ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்ற விசாரணையும் உண்டு என்பதே அதன் கருத்து. நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டும் பழுப்பு நிலக்கரி டன் கணக்கில் பதிவாகிறது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நாம் தாமதித்த கூலி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. மறுமைக் கணக்கில் அது விடுபடாது. வல்ல அல்லாஹ் நம் ஹிஸாபை எளிதாக்குவானாக!