சிங்கப்பூர் கட்டுமானத் திறன் தேர்வு

சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போக விரும்பும் இந்திய, வங்கதேசத் தொழிலாளர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தேறவேண்டிய தொழில் தேர்வு. சிங்கப்பூர் அரசின் கட்டட, கட்டுமான ஆணையம் இதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் ‘டெஸ்ட் அடிப்பது’ என்றாலே போதும், விளங்கிவிடும்.

வெளியாரைக் கொண்டுவந்து, வேலை பழக்கி, கட்டடம் எழுப்புவது அந்தத் தீவுக்குப் பழைய வழக்கம். 1825 முதல் இந்தியக் கைதிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். செங்கல் அறுக்கவும் தச்சு, கொத்து வேலை செய்யவும் சிறை நிர்வாகமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தின் உட்சுவரில் அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்து, பூச்சு காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கட்டாய உழைப்பு என்றாலும் கைத்திறனில் குறைவில்லை. 1873இல் கைதி முறை முடிந்தது.

1930களில் சீனாவின் சம்சுய் வட்டாரப் பெண்கள் சிவப்பு முக்காட்டுடன் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்து அடுக்குமாடிகள் பெருகியதும் ஆள் போதவில்லை. 1970களின் பிற்பகுதியில் இந்தியா, தாய்லாந்து, வங்கதேசத்திலிருந்து ஆளெடுக்க அரசு இடம் கொடுத்தது. 1984இல் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம் உருவாகி, பயிற்சிக்கும் திறன் சோதனைக்கும் அடித்தளமிட்டது. அதுவே 1999இல் மற்றோர் அரசுப் பிரிவோடு இணைந்து இன்றைய ஆணையமானது.

தேர்வுக்கு வருபவர் ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்கிறார்: கம்பி கட்டுவது, சென்ட்ரிங், டைல்ஸ், பிளம்பிங், வயரிங் எனப் பல உண்டு. கம்பி கட்டுபவர் வரைபடம் பார்த்து, குறித்த நேரத்துக்குள் கம்பியை வெட்டி, வளைத்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டவேண்டும். இடைவெளி பிசகினால் மதிப்பெண் போயிற்று.

திறனோடு பிணைந்தது லெவி. வெளிநாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்குக் கட்டும் தொகை அது. 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறனாளருக்கு 900 சிங்கப்பூர் வெள்ளி, உயர்திறனாளருக்கு 500 வெள்ளி. ஆகவே சில ஆண்டு அனுபவம் சேர்ந்ததும் தொழிலாளியை இரண்டாம் தொழிலிலும் தேறவைத்து உயர்திறனாளராக்குவது முதலாளிக்கே லாபம். தொழிலாளி நிலை வேறு. பயிற்சி, தேர்வு, ஏஜெண்ட் என்று முதல் சம்பளத்துக்கு முன்பே கடன் ஏறிவிடுகிறது. தேறிய தொழிலே அங்கே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. டைல்ஸில் தேறியவர் கான்கிரீட் சுமப்பதும் நடக்கிறது.

பொறியாளர்களின் பாதை சற்றே எளிது. பொறியியல் படிப்புகளைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் சிங்கப்பூர் 2006இலும் இந்தியா 2014இலும் உறுப்பினராயின. கொத்தனாருக்கு அப்படியொரு உடன்பாடு இல்லை. சிங்கப்பூரில் பத்தாண்டு கம்பி கட்டியவர் வளைகுடாவுக்கு மாற நினைத்தால் அங்கே மறுபடி சோதனைதான். சவுதி அரேபியா 2021இல் தனக்கென்று தனித் திறன் சரிபார்ப்புத் திட்டமே தொடங்கிவிட்டது.