கூனன் குரிசு: அறியாமையின் நடுவே ஓர் இறைப்பற்று

1653 சனவரி 3 அன்று கொச்சி மட்டாஞ்சேரியில் தோமா கிறித்தவர்கள் ஒரு சிலுவையின் முன் திரண்டு சூளுரைத்தனர். சிலுவையைத் தொட இயலாத தொலைவில் நின்றோர் அதில் கட்டப்பட்ட கயிறுகளைப் பற்றிக்கொண்டனர் என்றும், அந்தப் பாரத்தால் சிலுவை சாய்ந்தது என்றும் மரபு கூறுகிறது. ‘கூனன் குரிசு சத்தியம்’ என்னும் பெயர் அவ்வழி வந்தது. போர்த்துகீசியரின் திருச்சபை ஆதிக்கத்துக்கு எதிரான கிளர்ச்சி என்றே வரலாற்று நூல்கள் இதனைப் பெரிதும் விளக்குகின்றன. அவ்விளக்கம் பொருத்தமானதே. எனினும், கயிற்றைப் பற்றியவர்களுக்கு அன்று எது தெரிந்திருந்தது, எது தெரியாதிருந்தது என்னும் வினாவும் அதே அளவுக்கு முதன்மையானது.

இச்சமூகத்துக்குக் காத்திருத்தல் புதிதன்று. போர்த்துகீசியர் வருகைக்கு முன்பு, அவர்களுடைய ஆயர்கள் மெசப்பொத்தாமியாவிலிருந்து கடல்கடந்து வந்தனர். ஓர் ஆயர் இறந்தால் அடுத்தவர் எப்போது வருவார் என்பது எவருக்கும் தெரியாது. 1490-இல் ஆயர் வேண்டி முதுபெரும் தந்தையிடம் புறப்பட்ட மூவருள் ஒருவர் வழியிலேயே இறந்தார். ஏனைய இருவரே சேர்ந்தனர். இத்தகைய இடைவெளிகளில் ‘அர்க்கதியாக்கோன்’ எனப்பட்ட உள்நாட்டுத் தலைமைத் திருத்தொண்டரும், ஊர்தோறும் கூடிய பள்ளியோகமும் திருச்சபையை நடத்தினர். வழிபாடு சிரியாக் மொழியில் தொடர்ந்தது.

1599-இல் கோவாவின் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. கிழக்கத்திய ஆயர்களின் இடத்தில் இயேசு சபையைச் சேர்ந்த ஐரோப்பிய ஆயர்கள் அமர்ந்தனர். அர்க்கதியாக்கோனின் அதிகாரம் சுருங்கியது. அரை நூற்றாண்டு மனக்கசப்புக்குப் பின், 1652-இல் அகத்தல்லா என்னும் கிழக்கத்திய ஆயர் மயிலாப்பூருக்கு வந்தார். அங்கே அவர் இயேசு சபையினரின் காவலில் வைக்கப்பட்டார். மலையாள நாட்டிலிருந்து சென்ற திருத்தொண்டர்கள் வழியாக அவருடைய கடிதம் அர்க்கதியாக்கோன் தோமாவை எட்டியது. பின்னர் அவரை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தபோது, அவரைக் காண விரும்பிய மக்களுக்கு இசைவு மறுக்கப்பட்டது. கப்பல் கோவாவுக்குச் சென்றது. ஆயர் கடலில் அமிழ்த்தப்பட்டார் என்ற செய்தி பரவியது.

அச்செய்தி பிழையானது. அகத்தல்லா கோவாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, உரோமை செல்லும் வழியில் 1654-இல் பாரிசில் இறந்தார் என இன்றைய ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே, மட்டாஞ்சேரியில் சூளுரை ஒலித்த நாளில் அவர் உயிரோடிருந்தார். கூடியிருந்தவர்களால் அதனை அறிய இயலவில்லை. சூளுரையின் பொருளும் இன்றுவரை விவாதத்துக்கு உரியது. பேராயர் கார்சியாவையும் இயேசு சபையினரையும் ஏற்பதில்லை என்பதே அதன் எல்லை என்பர் ஒரு சாரார். உரோமையையே மறுத்தது என்பர் மற்றொரு சாரார்.

சூளுரைக்குப் பின் வந்த ஆண்டுகளே கடினமானவை. 1653 மே 22 அன்று ஆலங்காட்டில் பன்னிரு குருக்கள் கைகளை வைத்துத் தோமாவை ஆயராக நிலைப்படுத்தினர். இதற்கு அகத்தல்லாவின் கடிதமே இசைவளிப்பதாகக் காட்டப்பட்டது; அக்கடிதத்தின் உண்மை பின்னர் ஐயத்துக்கு உள்ளாயிற்று. ஆயரை ஆயரே நிலைப்படுத்த வேண்டும் என்பது தொன்றுதொட்ட திருச்சபை வழக்கம். எனவே, இறையியலாளரின் இவ்வையம் எளிய குடும்பத்தின் வாசலையும் தட்டியது. புதிய ஆயரிடம் திருநிலை பெற்ற கத்தனார் நிறைவேற்றும் குர்பானா உண்மையானதா? அவரது ஆசி பெற்ற திருமணம் இறைவன் திருமுன் செல்லுமா? விடை தெரியும்வரை வாழ்க்கை நிற்கவில்லை. குழந்தைகள் பிறந்தனர், முதியோர் இறந்தனர், ஞாயிறுதோறும் பள்ளியில் மணி ஒலித்தது.

இந்த ஐயத்துக்கு மக்கள் இருவகையில் விடை கண்டனர். உரோமை அனுப்பிய கார்மேல் சபையினரின் முயற்சியால் 84 பள்ளிகள் உரோமையோடு இணைந்தன, 32 பள்ளிகள் தோமாவுடன் நின்றன என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு. 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியதால் வெளியேற நேர்ந்த ஆயர் செபஸ்தியானி, கடுத்துருத்தியில் பறம்பில் சாண்டியை ஆயராக நிலைப்படுத்திச் சென்றார். மறுதரப்பினர் 1665-இல் சிரியாக் ஆயர் கிரிகோரியோஸ் வரும்வரை காத்திருந்தனர்.

ஒரு தரப்பின் முடிவைப் பற்றுறுதி என்றும் மற்றதைத் துரோகம் என்றும் எழுதுவது பிற்கால வழக்குகளின் மொழி. தம் வழிபாடு பிழைபடலாகாது என்ற அச்சம் 84 பள்ளிகளைச் செலுத்திய விசைகளுள் ஒன்று. இறைவன் தம்மைக் கைவிடார் என்ற எதிர்பார்ப்பு 32 பள்ளிகளைத் தாங்கியது. அரசியலும் குடும்பப் போட்டியும் இரு பக்கமும் கலந்திருந்தன. ஆயினும், அடுத்த ஆயர் யார், எப்போது வருவார் என்று அறியாத நிலையிலும் குர்பானாவை நிறுத்தாதிருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை வெறும் அதிகாரப் போராட்டமாக மட்டும் சுருக்க இயலாது. மட்டாஞ்சேரியின் கயிறு ஒரு நாளைய நிகழ்வு. அதன் பின் ஞாயிறுதோறும் விடையின்றியே பள்ளிக்குச் சென்றவர்களின் இறைப்பற்று ஆவணங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. எனினும் இரு திருச்சபைகளையும் இன்றுவரை கொண்டுவந்து சேர்த்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.