ஜாவா தெரியும், கோட்லின் புதுசு: எங்கே இடறும்?

காலேஜில் ஜாவா எழுதிப் பழகியாச்சு. வைட்ஃபீல்டில் இன்டர்ன்ஷிப், ஆண்ட்ராய்டு டீம் கோட்லினில் எழுதுது. (2019-லேயே கூகுள் ஆண்ட்ராய்டுக்கு கோட்லினைத்தான் முன்னிறுத்தியது.) கிளாஸ், ஆப்ஜெக்ட் பாடங்களைத் தாராளமா தாண்டிடுங்க. ஒரே மாதிரி தெரிந்து வேறு மாதிரி நடக்கும் இடங்கள்தான் காலை வாரும்.

ஜாவாவில் இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவே == போட்டால், இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்க்கும். கோட்லினில் அதே ==, உள்ளே இருக்கும் எழுத்துகள் ஒன்றா என்று பார்க்கும். பழைய அர்த்தம் வேணும்னா ===.

அடுத்தது நல். ஒரு மதிப்பு நல் ஆகலாம் என்றால் டைப்புக்குப் பின்னால் கேள்விக்குறி போடணும். போடாமல் நல் கொடுத்தால் கம்பைலே ஆகாது. ஆனா ஜாவா கோடிலிருந்து வரும் மதிப்புக்கு இந்தக் காவல் முழுசா இல்லை. பழைய ஆப்களில் இரண்டும் கலந்தே கிடக்கும், அங்கேதான் ஆப் கிராஷ் ஆகும்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஜாவா ஃபைலைத் தானே கோட்லினாக மாற்றித் தரும். முதல் வாரம் அதைத் தொடாதீங்க. உங்க பழைய புராஜெக்டில் ஒரு கிளாஸைக் கையாலேயே மாத்தி எழுதிப் பாருங்க.