ஐம்பதுக்கு வந்து சேர்ந்த கம்பி

2012 ஜூலை 31, பகல் ஒரு மணி. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று மண்டலங்களின் மின்தொகுப்பும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. ஏறத்தாழ 60 கோடிப் பேர் வாழும் நிலப்பரப்பில் கரண்ட் இல்லை. முந்தின நாள் அதிகாலையில்தான் வடக்கு ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது. தெற்கு தள்ளாடியது, ஆனாலும் நின்றது. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. மற்ற இந்தியாவோடு நாம் ஒரே துடிப்பில் இணைந்திருக்கவில்லை, அதனால் தப்பித்தோம். அதே காரணத்தால்தான் அந்த ஆண்டு கோவையிலும் மதுரையிலும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. வெளி மாநிலத்தில் மின்சாரம் வாங்கினாலும் அதைக் கொண்டுவரப் போதிய கம்பி இல்லை.

இந்தக் கம்பியின் பயணம் காவிரியில் தொடங்கியது என்று சொல்லலாம். 1902இல் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கி.மீ. கடந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. பெங்களூரு தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கும் மூன்றாண்டுகள் கழித்து; முதல் உரிமை தங்கத்துக்கு. சென்னை மாகாணத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். மூன்று நீர்மின் நிலையங்களும் கம்பியால் இணைக்கப்பட்டபோது, ஓர் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் இன்னோர் ஆறு கைகொடுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலந்தோறும் மின்வாரியத்துக்கு வழிவகுத்தது. நம்முடையது 1957இல் பிறந்தது. அறுபதுகளில் நாடு ஐந்து மின் மண்டலங்களாகப் பிரிந்தது.

ஐந்தும் தனித்தனியே துடித்தன. மாறுதிசை மின்சாரம் நம் நாட்டில் நொடிக்கு 50 முறை துடிக்க வேண்டும். அதுதான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். (வீட்டில் டியூப்லைட் கண்சிமிட்டும் லோ வோல்டேஜ் வேறு சங்கதி.) உற்பத்தியும் செலவும் எந்த நொடியும் சமமாக இருந்தால்தான் அந்த எண் நிற்கும். செலவு மிஞ்சினால் தொகுப்பில் சுழலும் அத்தனை இயந்திரமும் சேர்ந்து வேகம் குறையும். தொண்ணூறுகளில் பற்றாக்குறை மாலைகளில் அது 48ஐத் தொடுவதுண்டு. உபரி இருந்த கிழக்கில் இரவில் 51ஐத் தாண்டும். தட்டுப்பாட்டு நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் உருவினாலும் மாநிலத்துக்கு யூனிட் விலை ஒன்றுதான் என்றால், யார் கையைக் கட்டிக்கொள்வார்கள்?

இந்த நோய்க்கு மருந்து கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. 1998இல் அமைந்த மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், 2002–03இல் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 ஆகப் பிரித்தார்கள். சொன்ன அளவைத் தாண்டி எடுத்தால், அந்த நேரத்து அதிர்வெண்ணைப் பார்த்து விலை. எண் தாழத் தாழ விலை ஏறியது, 50.5ஐத் தொட்டால் சுழியமானது. உத்தரவாலும் கெஞ்சலாலும் நடக்காத காரியம், பில்லால் பெருமளவு நடந்தது. என் பார்வையில், இந்த வரலாற்றின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு இந்தக் கட்டண முறைதான்.

இடையில் மண்டலங்கள் கைகோத்தன. 1991இல் கிழக்கும் வடகிழக்கும், 2003இல் மேற்கு, 2006இல் வடக்கு. தெற்கு மட்டும் டி.சி. எனும் நேர்திசை மின் இணைப்போடு நின்றது. டி.சி. வழியே மின்சாரம் வரும், துடிப்பு வராது. 2003 முதல் ஒடிசாவின் தல்சேரிலிருந்து கோலாருக்கு 2000 மெகாவாட் அப்படித்தான் வந்தது. 2012இல் அந்த வரத்து அறுந்தபோது தெற்கின் அதிர்வெண் 49க்குக் கீழே சரிந்தது.

அந்த விபத்தின் தொடக்கம் சிறியது. பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில் சுமை மிஞ்சி, மின்னழுத்தம் தாழ்ந்தது. ஷார்ட் சர்க்கியூட் எதுவும் ஆகவில்லை. ஆனால் காவலுக்கு வைத்த ரிலே அதைப் பழுதென்று எடுத்துக்கொண்டு லைனை வெட்டிவிட்டது. சுமை அடுத்த லைனுக்குப் பாய, அதுவும் வெட்டுப்பட்டது. விசாரணைக் குழு ரிலேயோடு நிறுத்தவில்லை. சில மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் எடுத்ததையும், குறைக்கச் சொல்லியும் சரிவரக் குறைக்காததையும் எழுதிவைத்தது. விதி இருந்தது, அதை மீறியவரைத் தடுக்கும் பல் இல்லை. பின்னர் விதிகள் இறுகின. அதிர்வெண்ணுக்கு இன்றைய எல்லை 49.90 முதல் 50.05 வரை.

2013 டிசம்பர் 31 இரவு, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கு இணைந்தது. இரு பக்கமும் மின்னழுத்தம், அதிர்வெண், அலையின் கட்டம் மூன்றும் பொருந்தும் கணத்தில் பிரேக்கரை மூட வேண்டும். மூடினார்கள்; பிடித்துக்கொண்டது. ஆனாலும் பாதை குறுகல் என்பதால், சில ஆண்டுகள் மின்சந்தையில் தெற்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6000 மெகாவாட் டி.சி. பாதை 2021இல் முழுமையாக வந்தது.

கொரோனா ஊரடங்கில், பிரதமரின் வேண்டுகோளை ஏற்று 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடே விளக்கணைத்தபோது தேவை அரை மணி நேரத்துக்குள் சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. நீர்மின் நிலையங்களைத் தாழ்த்தி உயர்த்தி, அதிர்வெண்ணை 50.26க்கு மேல் போகவிடாமல் பிடித்தார்கள்.

இவ்வளவு துல்லியம் கம்பியைத் தாங்கும் கோபுரத்தின் காலடிக்கு வரவில்லை. புகளூர்ப் பாதைக்காகக் கொங்கு மண்டலத்து விவசாயிகள் போராடியபோது, அவர்கள் நிலத்தில் கோபுரம் நிறுத்த அதிகாரம் தந்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். கம்பிக்குக் கீழே தென்னை வளர்க்க முடியாது. 2015இல் மத்திய அரசு பரிந்துரைத்த இழப்பீடு, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு. 2024இல்தான் அதை 200 விழுக்காடாக உயர்த்தினார்கள். முன்பே கோபுரம் நட்டுவிட்ட தோட்டங்களுக்கும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுக் கொடுப்பதுதான் நியாயம்.