கையில் இல்லாத காசுக்கு வரி

அரசாங்கமே ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துட்டு, அதுக்கு வரியும் கேக்குமா? இந்தக் கேள்விதான் என்னை அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 174-ஆம் பிரிவைத் தேடிப் படிக்க வைத்தது.

பதில்: கேட்கும். அங்கே சிறு நிறுவனத்துக்கு வரும் ஆராய்ச்சி மானியமும் பொதுவாக வருமானம்தான். ஆனால் வந்ததெல்லாம் ஆராய்ச்சிக்கே செலவானால் அதைக் கழித்துவிடலாம். மிச்சமும் இல்லை, வரியும் இல்லை. இதற்கு வழிசெய்தது 1954-இல் வந்த 174-ஆம் பிரிவு. அதற்கு முன்னால் ஆராய்ச்சிச் செலவை அந்த வருடமே கழிக்கலாமா என்பதில் தெளிவில்லை. நிரந்தர ஆய்வுக்கூடம் வைத்திருந்த பெரிய கம்பெனிகள் சமாளித்தன, சின்னவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்ட பிரிவு இது. 1974-இல் ஸ்னோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, இன்னும் எதையும் விற்கத் தொடங்காத புதுத் தொழிலுக்கும் இந்தச் சலுகை உண்டு என்றது.

1982-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் எஸ்.பி.ஐ.ஆர். திட்டம் பிறந்தது. பெரிய ஆராய்ச்சி நிதி வைத்திருக்கும் மத்திய அரசுத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மானியமும் கழிவும் சுமார் நாற்பது வருஷம் கைகோத்துப் போயின.

2017-இல் கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்தார்கள். விழுந்த துண்டை எங்கேயாவது ஈடுகட்டணுமே? 2022 முதல் உள்நாட்டு ஆராய்ச்சிச் செலவை ஐந்து வருடத்துக்குப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அதுக்குள்ள மாத்திடுவாங்கன்னு பலர் நம்பினார்கள். மாற்றவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1,00,000 டாலர் மானியம். முழுதும் ஆராய்ச்சியாளர் சம்பளத்துக்குப் போயாச்சு. முதல் வருடம் பாதி வருடக் கணக்கு என்பதால் 10,000 மட்டுமே கழியும். மீதி 90,000 ‘லாபம்’. கார்ப்பரேஷனுக்கு 21 சதவீதம் என்றால் வரி 18,900 டாலர். கல்லாவிலோ சல்லிக்காசு இல்லை! மீதியைப் பின்னால் கழிக்கலாம்தான். அதுவரை கடை திறந்திருக்கணுமே?

2024 ஜனவரியில் கீழவை 357-70 என்று திருத்தத்தை நிறைவேற்றியது; ஆகஸ்டில் செனட்டில் அது நின்றுபோனது. கடைசியில் 2025 ஜூலை 4 அன்று வந்த சட்டம் பழைய முறையை மீட்டது. சராசரி ஆண்டு வரவு 3.1 கோடி டாலருக்குள் இருந்த சிறு நிறுவனங்கள் 2022 வரை பின்னோக்கியும் திருத்திக்கொள்ள அது இடம் கொடுத்தது.

வரி விகிதத்தைப் பற்றித்தான் நாம் சண்டை போடுகிறோம். சின்னக் கடையை மூடவைக்க, ‘எவ்வளவு’ என்பதைவிட ‘எப்போது’ என்பதே போதும். அரசு வரியைத் திருப்பித் தரலாம். நடுவில் மூடிய கடையைத் திறந்து தர முடியாது.